முஸ்தபாவுக்கு ஒன்றரை ஆம்ப்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த வீடியோ கேம் கடையில்தான் என் பஸ் காசெல்லாம் கரைந்தது. மொத்தமே மூன்று பெட்டி. அதில் ஒன்றைச் சுற்றி மட்டும் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். அந்த கேமின் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்டது என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது முஸ்தபா. ஆடுவதற்குத் தேர்ந்தெடுக்கிற நான்கு ஆட்களில் ஒருவர் பெயர் அது. ஓடி வந்து பறந்து ஓர் உதை விடுவார் பாருங்கள், அந்த உதைக்காகவே மொத்த கேமுக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். பின்னால் கல்லூரியில் டெல்லிப் பையனும் ஹைதராபாத் பையனும் இதே பெயரைச் சொன்னபோதுதான் இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல என்று புரிந்தது.

இப்போது இருப்பது சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகரில். பேஸ்மென்டில், கடைகளில் காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷின்கள் ஆறு. துணி காயப்போட இடமில்லாத வீட்டில் இது தேவையா என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஊர் அப்படிப்பட்ட ஊர். பேலி, வில்லியம்ஸ், காட்லீப், மிட்வே எல்லாம் இந்த வட்டாரத்தில் கேம் மெஷின் செய்த கம்பெனிகள். நாம்கோ உருவாக்கிய பேக்மேனை 1980-ல் அமெரிக்காவுக்காகத் தயாரித்து விற்றது மிட்வே. மார்ட்டல் காம்பாட்டும் என்பிஏ ஜாமும் பிறந்ததும் இங்கேதான். ஸ்டெர்ன் கம்பெனி இன்றைக்கும் இதே புறநகர்ப் பகுதியில் பின்பால் மெஷின், அதாவது கண்ணாடிக்குக் கீழே சாய்வான பலகையில் இரும்புக் குண்டை அடித்து ஆடுகிற பெட்டி, செய்துகொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் யார் வீட்டு கராஜைத் திறந்தாலும் ஒரு மூலையில் போர்வை போர்த்திய பெட்டி ஒன்று நிற்கும் என்று சொன்னால், கொஞ்சம்தான் மிகை.

அப்படிப் பெட்டி வாங்கி விற்று, ஃப்யூஸ் கடன் கேட்டுப் பழக்கமான ஐந்து பேர் நாங்கள். டெலிபோன் கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல். வீடு முழுக்கப் பின்பால் வைத்திருக்கிற ஒரு பள்ளிக்கூட இசை ஆசிரியர். சண்டை கேம்களை மட்டுமே சேர்க்கிற ஓர் இளம் தம்பதி. அப்புறம் நான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பிப்ரவரி மாதத்தில் ஓட்டல் ஹால் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் ரெட்ரோ ஆர்கேட் கண்காட்சி நடத்தினோம். 62 மெஷின்கள், நுழைவுக் கட்டணம் 20 டாலர், பத்து வயதுக்குக் கீழே இலவசம், உள்ளே வந்துவிட்டால் எல்லா மெஷினும் காசில்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். இதே மாதிரி யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால் நாங்கள் பட்டது உங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஹால் வாடகை பாதி. ஏன் பாதி என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

முதலில் கரன்ட். ஹாலைப் பார்க்கப் போன அன்று நாங்கள் ஐந்து பேரும் சுவரிலும் தரையிலும் இருந்த பிளக் பாயிண்டுகளை எண்ணினோம். நாற்பதுக்கு மேல். சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். எண்ண வேண்டியது பிளக்குகளை அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கிற, சுமை மீறினால் தானாக அணைகிற பிரேக்கர்களை. இங்கே 120 வோல்ட், ஹால் பிளக்குகளுக்கான பிரேக்கர் பொதுவாக 20 ஆம்ப், மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடுகிற சுமை என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 16 ஆம்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய வீடியோ மெஷின் ஒன்று சுமார் ஒன்று முதல் ஒன்றரை ஆம்ப் இழுக்கும். பின்பால் சும்மா நிற்கும்போது சாது. மூன்று பந்து ஒரே நேரத்தில் ஓடி பந்தைத் தள்ளுகிற மின்காந்தச் சுருள்கள் எல்லாம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தால் அதன் சுயரூபம் தெரியும். ஒரு வழிக்கு, அதாவது ஒரு பிரேக்கருக்கு, எட்டு வீடியோ மெஷின் அல்லது நான்கு பின்பால் என்று பெரியவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கணக்கு சரி. தரையில் தனித்தனி மூடி போட்டு இருந்த எட்டுப் பிளக்குகள் எட்டுத் தனி வழி என்று நாங்களாக நினைத்துக்கொண்டதுதான் தப்பு. எட்டும் இரண்டே பிரேக்கர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தோம். பத்து இருபதுக்கு நடு வரிசை முழுக்க அணைந்தது. பிரேக்கரை ஏற்றினால் உடனே மறுபடி விழுகிறது. மூன்று தடவை ஏற்றி, மூன்று தடவை விழுந்து, ஓட்டல் ஆள் எங்களை முறைக்க ஆரம்பித்த பிறகுதான் பெரியவர் வந்து, "எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், பிறகு ஏற்றுங்கள்" என்றார். விஷயம் இதுதான்: இந்த மெஷின்கள் ஆன் ஆகிற நொடியில் ட்ரான்ஸ்ஃபார்மரும், பிக்சர் ட்யூபைச் சுற்றி, அதில் படிகிற காந்தத்தை நீக்குவதற்காக இருக்கிற டிகாஸ் காயில் என்கிற கம்பிச் சுருளும் சேர்ந்து ஒரு வாய் நிறையக் குடிக்கும். ஓடும்போது தாங்குகிற வழிகூட, எல்லாம் ஒரே நொடியில் ஆன் ஆனால் தாங்காது. ஒவ்வொன்றாகச் செருகி, பத்து எண்ணி, அடுத்ததைச் செருகினோம். நின்றது. ஆனாலும் நடு வரிசையில் பாதியை அன்று முழுக்க அணைத்துத்தான் வைத்திருந்தோம்.

ஞாயிறு காலை ஓட்டலின் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஸ்பைடர் பாக்ஸ் வைத்தோம். கனமான ஒரே கேபிளில் கரன்ட் எடுத்துத் தனித்தனி பிரேக்கர் போட்ட பல பிளக்குகளாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது, கல்யாண வீட்டு ஜெனரேட்டர்காரர் கொண்டு வருகிற டிஸ்ட்ரிபியூஷன் பெட்டி மாதிரி. முன்கூட்டியே கேட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. நீங்கள் ஹால் பார்க்கப் போகும்போது ஒரு டேபிள் விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள், ஓட்டல் ஆளையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்கிலும் செருகி, எந்த பிரேக்கரை இறக்கினால் அது அணைகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஒரு மணி நேர வேலை. நாங்கள் செய்யவில்லை.

இன்னொன்று, உயிர் விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பெட்டிகளில் பலவற்றின் பிளக்கில் எர்த் முள்ளை யாரோ எந்தக் காலத்திலோ வெட்டி எறிந்திருப்பார்கள், இரண்டு ஓட்டைப் பிளக்கில் செருகுவதற்காக. காசு போடுகிற கதவு இரும்பு, கன்ட்ரோல் பேனலும் பல பெட்டிகளில் இரும்பு. உள்ளே ஒரு ஒயர் உரசினால் விளையாடுகிற குழந்தை கையில் கரன்ட். மூன்று முள் இல்லாத மெஷின் ஹாலுக்குள் வராது என்று ஒரே விதியாகப் போட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

அடுத்தது குளிர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே மைனஸ் 14 டிகிரி. முந்தின நாளே ஏற்றி வைத்ததால் டிரெய்லரில் ராத்திரி முழுக்கக் கிடந்த பெட்டிகள், உள்ளே சூடான ஹாலுக்கு வந்தவுடன் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வியர்க்க ஆரம்பித்தன. பிக்சர் ட்யூப், கேம் ஓடுகிற சர்க்யூட் போர்டு, ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலும் ஈரம் படியும். அந்த நேரத்தில் சுவிட்ச் போட்டால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிற இடத்தில் தண்ணீர் தெளித்த கதைதான். பெரியவர் ஒவ்வொரு பெட்டியின் பிளக்கையும் சுருட்டி டேப் போட்டு ஒட்டி, "நாளைக் காலை ஏழு மணிக்கு முன்னால் யாரும் பிரிக்கக் கூடாது" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தத் தம்பதி மட்டும் ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கள் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பெட்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டேப்பைப் பிரித்தார்கள். ஃப்யூஸோடு போனது, அதிர்ஷ்டம்.

பெட்டி ஒன்று 250, 300 பவுண்டு, உயரம் கிட்டத்தட்ட ஆறு அடி. அகலம் 25 அங்குலம் போல இருக்கும், சாதாரணக் கதவில் போய்விடும். நான்கு பேர் ஆடுகிற பெட்டிகளில்தான் தகராறு, கன்ட்ரோல் பேனல் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கதவின் அகலத்தை அளந்தோம், கதவு முழுதாகத் திறந்து மடியாமல் பாதியில் நின்று இடத்தைத் தின்னும் என்பதை அளக்கவில்லை. 1989-ன் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் பெட்டியை ஹால் வாசலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் தேடிய அந்த இருபது நிமிடத்தில் பின்னால் லாரி வரிசை ரோடு வரை நின்றது. பின்பால் என்றால் முதலில் பந்துகளை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்து நிமிர்த்தினால் உள்ளே இரும்புக் குண்டு உருண்டு ஆட்டப் பலகையையும் கண்ணாடியையும் பதம் பார்க்கும். தலைப்பகுதியை மடித்து, நடுவில் போர்வை வைத்து, பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். இசை ஆசிரியருக்கு இதெல்லாம் மனப்பாடம். அவருடைய ஆடம்ஸ் ஃபேமிலி, 1992-ல் வந்தது, 20,270 எண்ணிக்கை விற்ற பின்பால், அதை அவர் இறக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டேப் பிரித்து ஒவ்வொன்றாக ஆன் பண்ணினால், பாதித் திரைகளில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக. முதல் தடவை செய்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் கலங்கிப் போவார்கள். ட்யூப் கெடவில்லை. பெட்டி வீட்டில் வடக்குப் பார்த்து நின்றிருக்கும், இங்கே கிழக்குப் பார்த்து நிற்கிறது, பூமியின் காந்தப்புலம் ட்யூபுக்குள் இருக்கிற உலோகத் தகட்டில் வேறு மாதிரி படிகிறது, அவ்வளவுதான். கையில் பிடிக்கிற டிகாஸ் காயில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவு வளையம், அதை ஆன் பண்ணித் திரைக்கு முன்னால் ஆரத்தி எடுப்பது போலச் சுற்றிச் சுற்றி, அப்படியே சுற்றிக்கொண்டே ஆறேழு அடி பின்னால் நடந்து வந்து அணைக்க வேண்டும். கிட்ட வைத்தே அணைத்தால் இருந்ததைவிட மோசமாகும். நான் பதினெட்டுத் திரைகளுக்கு ஆரத்தி எடுத்தேன். கற்பூரம் மட்டும்தான் இல்லை.

ஹால் விளக்கைக் குறைக்கச் சொல்ல மறக்காதீர்கள். மேலே வெள்ளை விளக்கு எரிந்தால் திரையில் தெரிவது கேம் அல்ல, உங்கள் முகம். சத்தத்தையும் வாசலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். யாரும் ஆடாதபோது மெஷின் தானாகக் கூவி ஆள் பிடிக்கிற சத்தத்தைப் பல போர்டுகளில் அணைக்க முடியும், அணைத்துவிடுங்கள். 62 பெட்டியும் ஒரே நேரத்தில் கூவினால் கோயம்பேடு மார்க்கெட் தோற்றுவிடும்.

காசில்லாமல் ஆடவிடுவது சொல்வதற்குத்தான் சுலபம். பேக்மேன் போர்டில் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினால் இலவச ஆட்டம் வந்துவிடும். வில்லியம்ஸ் மெஷின்கள் பலவற்றில் உள்ளே மெனுவில் இருக்கும். 1981-ன் டாங்கி காங்கில் அந்த வசதியே கிடையாது. அப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் காசு விழுந்தால் தட்டுப்படுகிற சுவிட்சுக்கு இணையாக ஒரு பட்டன் போட்டு வெளியே எடுத்துவிட்டோம், மூன்று டாலர் செலவு. சரி, இதையெல்லாம் செய்ய முதலில் காசுக் கதவைத் திறக்க வேண்டும் இல்லையா? ஒரு சேகரிப்பாளர் நான்கு மெஷின் கொண்டு வந்தார், நான்கின் சாவியும் இரண்டு மணி நேரத் தூரத்தில் அவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மதியம் மூன்று மணி வரை அந்த நான்கும் அலங்காரப் பொருட்கள்.

இதற்காகவே நாங்கள் கண்டுபிடித்த ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள். உரிமையாளர் யார், அவரை எங்கே பிடிக்கலாம், எத்தனை ஆம்ப் இழுக்கும், எந்த ஃப்யூஸ் எந்த இடத்தில் எந்த அளவு, இலவச ஆட்டம் எப்படிப் போடுவது, இந்தப் பெட்டியின் சொந்தக் குணம் என்ன. "சூடானால் இடது பக்கம் தட்டவும்" என்பது போல. காசுக் கதவுக்குள் ஒட்டிவிட வேண்டும், கதவுச் சாவியின் நகல் ஒன்று எங்களிடம். நான் அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தேன், அர்த்தம் சொன்ன பிறகு மற்ற நால்வரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். ஜாதகம் நிரப்பாத மெஷினை ரிப்பேர் மேசை தொடாது என்பது இப்போது எங்கள் சட்டம்.

ரிப்பேர் மேசைதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. எந்த மெஷினைக் கொண்டு வருவது என்று பேசிய கூட்டங்களில் எல்லாருக்கும் அரிதான பெட்டி மீதுதான் ஆசை. 1981-ன் டெம்பெஸ்ட், வண்ண வெக்டர் திரை, கோடு கோடாக ஒளிக்கற்றையே வரைகிற படம், வேறு எந்தத் திரையிலும் அந்தக் கூர்மை வராது. கண்காட்சியின் மணமகன் அதுதான் என்று வாசலுக்கு எதிரே நிறுத்தினோம். நாற்பது நிமிடம். புகை வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அந்தத் திரைகள் கம்பெனியிலிருந்து வந்த நாளிலிருந்தே சூட்டுக்குப் பேர் போனவை, தெரிந்தேதான் வைத்தோம். மூலையில் ஒதுக்கி வைத்த மிஸ் பேக்மேன் இரண்டு நாளும் ஒரு தடவைகூட இருமவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அரிது, சாதாரணம் என்ற வித்தியாசமே கிடையாது. ஓடுகிறது, ஓடவில்லை என்கிற வித்தியாசம்தான். இரண்டு நாளில் 62-ல் 23 மெஷின்கள் ஏதாவது ஒரு நேரத்தில் நின்றன. முக்கால்வாசி ஒன்றுமில்லாத கோளாறு, பட்டனுக்குக் கீழே இருக்கிற மைக்ரோ சுவிட்சில் ஒயர் கழன்றது, பயணத்தில் போர்டு கனெக்டர் ஆடியது, பின்பாலில் ரப்பர் அறுந்தது.

ரிப்பேர் மேசையை ஹாலுக்குப் பின்னால் திரை போட்டு மறைத்து வைப்பதாகத்தான் திட்டம். கெட்டுப்போனதை விருந்தாளி பார்க்கக் கூடாது என்ற எண்ணம். ஆனால் கரன்ட் தகராறில், தனி பிரேக்கர் உள்ள ஒரே பிளக் ஹாலின் நட்டநடுத் தூணில் இருந்தது. வேறு வழியில்லாமல் மேசையை அங்கே போட்டோம். பெரியவர் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் சுற்றிலும் கூட்டம். டெம்பெஸ்டின் போர்டைக் கழற்றி மேசையில் வைத்து, எந்த ட்ரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று மீட்டரை வைத்துக் காட்டுகிறார், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறார்கள். ஒரு பையன் அப்பா கையை உதறிவிட்டு மதியம் முழுக்க அங்கேயே நின்றான், ஞாயிற்றுக்கிழமை அவனிடம் ஃப்யூஸ் டப்பாவைப் பொறுப்பாகக் கொடுத்தோம். நாங்கள் காசு செலவழித்து ஏற்பாடு பண்ணிய டாங்கி காங் போட்டியைவிட அந்தத் தூணடியில்தான் ஆள் அதிகம்.

மேசையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், பெரியவர் சொல்வது: எல்லா அளவிலும் ஃப்யூஸ், முக்கியமாக ஆன் ஆகிற நொடியின் கூடுதல் கரன்ட்டைத் தாங்குகிற ஸ்லோ ப்ளோ, ஒரே அளவுக்கு மாற்று அதே அளவு மட்டும், பெரியது போட்டாலோ அலுமினிய ஃபாயில் சுற்றினாலோ மேசையை விட்டு எழுந்து போய்விடுவார். மைக்ரோ சுவிட்ச், பட்டன், பின்பால் ரப்பர் வளையங்கள், சின்ன பல்புகள், மீட்டர், சால்டரிங் சாமான். ட்யூப் பக்கம் அவர் ஒருத்தர்தான் கை வைப்பார். கரன்ட்டைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், தெரியாதவர் தொட்டால் சுவர் வரை தள்ளும். இந்த ட்யூப்களை இப்போது யாரும் தயாரிப்பதும் இல்லை, உடைந்தால் வேறொரு பெட்டியிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. தன்னார்வலர் ஒருவர் நல்லெண்ணத்தில் ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரேயை அடித்து எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்தார், ஒரு பெட்டியின் அக்ரிலிக் முகப்பு முழுக்க நூல் நூலாக வெடிப்பு. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பின்பால் கண்ணாடி டீக்கடை பெஞ்ச் அல்ல என்று எல்லாருக்கும் புரியாது, நான்கு மெஷினுக்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டு வையுங்கள், கோக் டம்ளர் தானாக அங்கே போய்விடும். பெட்டிகளை முதுகோடு முதுகு ஒட்டி வரிசையாக நிறுத்துங்கள், ஒயரெல்லாம் நடுவில் அடங்கிவிடும், நடக்கிற பாதையில் ஒன்றும் குறுக்கே வராது, தீயணைப்புத் துறையிலிருந்து பார்க்க வந்தவர் எங்களிடம் சிரித்தது அதற்கு மட்டும்தான். காப்பீடு இல்லாமல் எந்த ஹாலும் கிடைக்காது. பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, அதில் ஓட்டலின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். அதை வாங்குவதற்கு நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது. வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு கட்டாயம். ஞாயிறு காலை மனைவி ஒரு பெரிய பாத்திரம் புளியோதரை கொடுத்தனுப்பினாள், தட்டில்லாமல் காகித டம்ளரில் போட்டுச் சாப்பிட்டார்கள், இசை ஆசிரியர் மூன்று டம்ளர்.

பணக் கணக்கு: எல்லாச் செலவும் போக மிச்சம் 212 டாலர். பிட்ஸாவுக்குப் போனது.

இனி முஸ்தபா. என்னிடம் இருக்கிற போர்டைச் செத்த நிலையில்தான் வாங்கினேன். கேப்காம் அந்தக் காலத்துப் போர்டுகள் சிலவற்றில் யாரும் நகல் எடுக்காமல் இருக்க ஒரு வேலை செய்தது: கேமைத் திறக்கிற ரகசியச் சாவியை ஒரு சின்ன பேட்டரி தயவில் உயிரோடு வைத்திருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி மறைந்துவிடும், கேம் அதோடு சரி. தற்கொலை பேட்டரி என்றே பெயர். கம்பெனிக்கு அனுப்பி உயிர் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது ஆர்வலர்கள் அந்தச் சாவியைக் கண்டுபிடித்து, ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வைத்து மறுபடி எழுத வழி செய்திருக்கிறார்கள். அப்படித்தான் பெரியவரும் நானும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதை எழுப்பினோம். திருச்சியில் நான் ஆடியது எப்படியும் திருட்டு நகல் போர்டாகத்தான் இருந்திருக்கும், அதில் இந்தத் தொல்லையே இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கண்காட்சியில் அதை யாரும் அவ்வளவாகச் சீண்டவில்லை. இங்கே அது நூற்றில் ஒரு சண்டை கேம். ஞாயிறு மதியம் ஒரு மணி இருக்கும், நான் தூணடியில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல்: "ஏய், முஸ்தபாடா!"

திரும்பினால் என் வயசுக்காரர் ஒருவர், கையில் எட்டு ஒன்பது வயது மகள். அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெட்டியிடம்தான் சொன்னார்.

"அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"புதுக்கோட்டை. இது உங்களோடதா?"

"என்னோடதுதான். நான் திருச்சி."

"அங்க ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கும். இதுல மூணு பேர் ஆடலாமா?"

ஆடலாம். மகள் ஹானாவைத் தேர்ந்தெடுத்தாள். முஸ்தபா யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் ஒரு நொடி தயக்கம், விருந்தாளி அவர், விட்டுக் கொடுத்தேன். காசு போட வேண்டியதில்லை என்பதே அவருக்கு நம்ப முடியவில்லை, ஒவ்வொரு தடவை செத்து எழும்போதும் கை சட்டைப் பைக்குப் போய் வந்தது. மூன்றாவது கட்டத்தில் காரை ஓட்டிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளுகிற இடத்தில் என் அடிக்கிற பட்டன் செத்துப்போனது. கை தூக்கினேன். பெரியவர் ஃப்யூஸ் பையனையும் கூட்டிக்கொண்டு வந்து, பேனலைத் தூக்கி, கழன்ற ஒயரை அவன் கையாலேயே செருகச் சொல்லிவிட்டு, இவ்வளவு சத்தம் போடுகிறீர்களே, இது என்ன கேம் என்று கேட்டார்.

முகப்பில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கிறது. நான்தான் வேறு பெயரைச் சொன்னேன், திருச்சிக் கதையையும் சேர்த்து.

அடுத்த வருடத்துக்கான மெஷின் பட்டியலைப் பெரியவர் போன மாதம் அனுப்பினார். அவர் எப்போதும் பெயரை முகப்பில் இருக்கிறபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவர். பதினான்காவது வரியில் இருந்தது: முஸ்தபா, மூன்று பேர், ஒன்றரை ஆம்ப், ரிப்பேர் மேசைக்குப் பக்கத்தில்.